20 டன் பொக்லைன்: வாடகையிலேயே ஓட்டவா, லீஸ் எடுக்கவா, வாங்கிவிடவா?

அஸ்திவாரம் கேட்டது:

வணக்கம். பேஸ்மென்ட் மண் எடுப்பது, அஸ்திவாரக் குழி, பைப்லைன் டிரெஞ்ச், இதுதான் என் தொழில். பெரிய காண்ட்ராக்டர்களிடம் சப்-காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். சொந்தமாக ஒரு பேக்ஹோ லோடர், இரண்டு டிப்பர், ஒரு சின்ன ரோலர் இருக்கின்றன. 20 டன் பொக்லைன் மட்டும் வேண்டும்போது வாடகைக்கு எடுப்பது வழக்கம்.

அந்த 'வேண்டும்போது' என்பது இப்போது வருஷத்தில் முக்கால்வாசி ஆகிவிட்டது. ஒவ்வொரு சைட்டுக்கும் லோ-பெட் டிரெய்லர் செலவு போகவும் வரவும் என் தலையில். வண்டி கிடைக்காத சீசனில் கெஞ்ச வேண்டியிருக்கிறது. போன சைட்டில் பாதி ஆழத்தில் பாறை தட்டியது. பிரேக்கர் மாட்டிய வண்டி வந்து சேரும்வரை டிப்பர், டிரைவர், ஆள் எல்லாருக்கும் சும்மா சம்பளம்.

என் மைத்துனர் பார்க்கும்போதெல்லாம் ஒரே பல்லவி: "மச்சான், நீங்க கட்டுன வாடகைக்கு ஒரு வண்டியே வாங்கியிருக்கலாம்." கேட்கக் கேட்க எனக்கும் அது சரி என்றே படுகிறது.

டீலரிடம் பேசினேன். மூன்று வழி சொல்கிறார். புது வண்டியைக் கடனில் வாங்கலாம். நாலு வருஷ லீஸ் எடுக்கலாம், முடிவில் திருப்பிக் கொடுக்கலாம் அல்லது இப்போதே பேசி வைக்கும் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக மீட்டரில் 6,000 மணி காட்டும் பழைய வண்டி ஒன்று இருக்கிறது, விலை புதியதில் பாதிகூட இல்லை.

வருஷத்துக்கு எத்தனை மணி ஓடினால் வாங்குவது கட்டுபடியாகும்? லீஸ் என்பது கடனுக்கே இன்னொரு பெயரா? பழைய வண்டியைத் தொடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விற்பனைக்காரர்கள் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், அதைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன்.


டிப்பர்காரன்:

யோசிக்காமல் வாங்குங்கள் அண்ணே. சொந்த வண்டி வாசலில் நிற்கிறது என்று தெரிந்தாலே வேலை தேடி வரும். டெண்டரில் 'சொந்த இயந்திரம் உண்டா' என்று கேட்கிற இடத்தில் ஆமாம் என்று எழுதலாம். வாடகை என்பது போனால் போனதுதான். தவணை கட்டினால் கடைசியில் ஒரு வண்டியாவது மிஞ்சும்.


ஹவர்மீட்டர்:

தம்பி என்று கூப்பிடலாமா தெரியவில்லை, இங்கே யாருக்கும் வயது தெரிவதில்லை. நான் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் பிளான்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்று முதலாளியோடு மல்லுக்கட்டியதும் உண்டு, வாங்கவே கூடாது என்று மல்லுக்கட்டியதும் உண்டு.

முதலில் உங்கள் மைத்துனர் கணக்கை முடித்துவிடுவோம். கட்டிய வாடகையை வண்டியின் விலையோடு ஒப்பிடக் கூடாது. வாடகையில் இரும்பு மட்டுமா இருக்கிறது? தேய்மானம், போட்ட முதலுக்கு வட்டி, இன்ஷூரன்ஸ், பெரிய ரிப்பேர், வேலை இல்லாத மாதத்தில் வண்டி நிற்கும் நஷ்டம், எல்லாம் அதற்குள் அடக்கம். வாங்கினால் இவை மறைந்துவிடாது, உங்கள் நோட்டுக்கு இடம் மாறும். ஒப்பிட வேண்டியது ஒரு வருஷ வாடகையையும் ஒரு வருஷம் வண்டி வைத்திருக்க ஆகும் செலவையும்தான்.

கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு, உங்கள் கொட்டேஷனில் இருப்பதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

புது வண்டி விலை 10,000 என்று வையுங்கள். 5 வருஷம் ஓட்டி 4,000க்கு விற்கிறீர்கள். குறைந்தது 6,000, அதாவது வருஷத்துக்கு 1,200. வண்டியில் முடங்கிக் கிடக்கும் பணம் முதலில் 10,000, கடைசியில் 4,000, சராசரி 7,000. அதற்கு 10 சதவீத வட்டி 700. இன்ஷூரன்ஸ், வரி, நிறுத்த இடம், காவல் எல்லாம் சேர்த்து 200. ஆக, வண்டி ஒரு மணி நேரம்கூட ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு 2,100 போய்க்கொண்டிருக்கும். சொந்தப் பணத்தில் வாங்கினால் வட்டி கிடையாதே என்று நினைக்காதீர்கள், அந்தப் பணம் வேறெங்காவது சம்பாதித்திருக்கும்.

இனி ஓடினால் ஆகும் செலவு. ஆயில், ஃபில்டர், செயின், பக்கெட் பல், ரிப்பேர் எல்லாம் சராசரியாக மணிக்கு அரை (0.5) என்று வைப்போம். டீசலும் ஆபரேட்டரும் இரண்டு வழியிலும் உண்டு என்பதால் விட்டுவிடுகிறேன்.

வருஷத்துக்கு 2,000 மணி ஓடினால் மணிக்கு 1.55 ஆகும். 1,000 மணி என்றால் 2.60. 700 மணி என்றால் 3.50. வண்டி அதே வண்டி, தவணை அதே தவணை. மணி குறையக் குறைய மணிக்கான செலவு எப்படி ஏறுகிறது பாருங்கள்.

வாடகைப் பக்கம்: வெறும் வண்டி (டீசல், ஆபரேட்டர் இல்லாமல்) மாதத்துக்கு 320, அதற்கு 160 மணி வரை ஓட்டலாம் என்று வையுங்கள். முழுசாக ஓட்டினால் மணிக்கு 2. வாடகை 2இல் ஓட்டும் செலவு 0.5 போனால் மணிக்கு 1.5 மிச்சம். இரண்டும் சமமாகும் இடம் 2,100ஐ அந்த 1.5ஆல் வகுத்தால் வருகிறது, 1,400 மணி. மாதத்தில் சொன்னால் எட்டே முக்கால். அதற்கு மேல் வருஷா வருஷம் நிச்சயமாக ஓடும் என்றால் வாங்கலாம். அதற்குக் கீழே என்றால் வாடகைக்காரரை வாழ்த்திவிட்டு அவரிடமே எடுங்கள். வண்டி கிடைக்கும் நேரத்தில் 60-70 சதவீதம் வேலை இருந்தால் வாங்கு என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டே, அது இந்த மாதிரிக் கணக்கிலிருந்து வந்ததுதான். உங்கள் வட்டியும் விற்கும் விலையும் மாறினால் அந்தச் சதவீதமும் மாறும், அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 'வருஷத்தில் முக்கால்வாசி' என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கால்வாசி மாதம் வண்டி சைட்டில் இருந்ததா, முக்கால்வாசி மாதம் வண்டி மண் எடுத்ததா? இரண்டும் வேறு வேறு. இதற்குப் பதில் டீலரிடம் இல்லை, உங்கள் லாக் ஷீட்டில் இருக்கிறது.

ஒரு நாள் ஷீட் இப்படி இருக்கும். காலை ரீடிங் 4312.6, மாலை 4320.9. மீட்டர் 8.3 மணி ஓடியிருக்கிறது, முழு நாள் வேலை என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம். பக்கத்துக் கட்டத்தில் டிப்பர் லோடு 38 என்று இருக்கும். 20 டன் வண்டி ஒரு கனமீட்டர் பக்கெட்டில் சாதா மண்ணை ஒரு டிப்பருக்கு நிரப்ப ஐந்து ஆறு நிமிஷம் போதும். 38 லோடுக்கு நாலு மணிக்கும் குறைவு. மீதி நாலரை மணி? இன்ஜின் உறுமிக்கொண்டே டிப்பர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஹவர் மீட்டருக்கு மண் எடுப்பதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். அந்தச் சும்மா மணிகளுக்கும் நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள். நாளை சொந்த வண்டி வந்தால் அதே மணிகள் சர்வீஸ் தேதியைச் சீக்கிரம் கொண்டுவரும், வாரண்டியைச் சாப்பிடும், விற்கும்போது விலையைக் குறைக்கும்.

உங்களிடம் டிப்பர் இரண்டு என்று படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. 20 டன் வண்டிக்கு இரண்டு டிப்பர் எந்த மூலைக்கு? மண் கொட்டும் இடம் பக்கத்திலேயே இருந்தால் ஒழிய அது பசியோடுதான் நிற்கும். போன வருஷ ஷீட்டுகளை எடுத்து, வேலை, டிப்பருக்குக் காத்திருப்பு, மழை, ரிப்பேர், டிராயிங் வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். காத்திருப்பு பெரிதாக இருந்தால், உங்களுக்கு முதலில் வேண்டியது சொந்தப் பொக்லைன் அல்ல, வாடகைக்கு இன்னும் இரண்டு டிப்பர். அதே மண்ணை பாதி நாளில் எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பலாம். அப்போது உங்கள் 'முக்கால்வாசி வருஷம்' அரை வருஷமாகச் சுருங்கும், வாங்கும் பேச்சே அடிபட்டுப் போகும்.

அப்புறம் பிரேக்கர். சொந்த வண்டியில் நாள் முழுக்கப் பாறை உடைப்பதாக இருந்தால் மேலே போட்ட மணிக்கு 0.5 எல்லாம் செல்லாது. அதிர்வு பூம், பின், புஷ் எல்லாவற்றிலும் இறங்கும். ஹைட்ராலிக் ஆயில் சீக்கிரம் அழுக்காகும். சாதா மண் வேலையில் 5,000 மணிவரை போகும் ஆயில்கூட முழுநேர பிரேக்கர் என்றால் 1,000 மணிக்கும் முன்னாலேயே மாற்ற வேண்டி வரும், மேனுவலில் இதற்கென்றே தனிப் பட்டியல் போட்டிருப்பார்கள். எப்போதாவது தட்டுகிற பாறைக்கு வாடகை பிரேக்கர்தான் சரி. அது தாமதமாக வந்ததற்குக் காரணம் வாடகை முறை இல்லை, பாறை வரும் என்று முன்கூட்டி யாரும் பார்க்காததுதான். போர் ஹோல் ரிப்போர்ட் (நிலத்தைத் துளைத்து எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த அறிக்கை) மெயின் காண்ட்ராக்டரிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

டிப்பர்காரன் தம்பி சொல்வதில் டெண்டர் விஷயம் உண்மை. ஆனால் நிறைய டெண்டரில் சொந்தம் அல்லது லீஸ் ஒப்பந்தம் இரண்டையும் ஏற்பார்கள், ஷரத்தைப் படித்துப் பாருங்கள். வாசலில் வண்டி நின்றால் வேலை வரும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை வராமல் தவணை மட்டும் வந்தால், வண்டியைச் சும்மா வைக்க முடியாமல் கிடைத்த ரேட்டுக்கு மண் எடுக்கப் போவோம். யானையைக் கட்டித் தீனி போடுகிறவன் நிலைமை அது. நல்ல சப்-காண்ட்ராக்டர்கள் ரேட்டைக் கெடுத்துக்கொண்டது பெரும்பாலும் இப்படித்தான்.

கடைசியாக, முன்பணம். அதை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? டீசலுக்கும் கூலிக்கும் சுழலும் பணத்திலிருந்து என்றால் வேண்டாம். பில் பாஸாக இரண்டு மாதம் இழுத்தால் சொந்த வண்டிக்கு டீசல் போடப் பணம் இருக்காது. கையெழுத்தான வேலை எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். பேச்சில் இருப்பதைச் சேர்க்காதீர்கள்.


கிரீஸ்கை:

நான் மெக்கானிக். 6,000 மணி வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வட்டிக் கணக்கெல்லாம் பெரியவர் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் காலையில் போய் நில்லுங்கள். இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஒத்திகை நடந்துவிட்டது என்று அர்த்தம், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். ஆறிய இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, புகை எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்பதில்தான் பாதி சங்கதி. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்லோவில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அந்த வாயிலேயே கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்து கேஸ் கீழே இறங்குகிறது.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பெடல் ரப்பர், லீவர் பிடி, சீட், கதவுக் கீல், இவை பொய் சொல்லாது. டெலிமேடிக்ஸ் ரிப்போர்ட், அதாவது வண்டியே தன் ஓட்டத்தைப் பதிந்து அனுப்பும் கணக்கு, கேளுங்கள். கோமாட்சுவுக்கு கோம்ட்ராக்ஸ், ஜேசிபிக்கு லைவ்லிங்க், கேட்டர்பில்லருக்கு ப்ராடக்ட் லிங்க் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று உண்டு. மொத்த மணி, ஐட்லிங் மணி எல்லாம் வந்துவிடும். கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது கீழ்ப்பாகம். செயின் வண்டிக்கு ஆயுசு முழுக்க ஆகும் பராமரிப்புச் செலவில் பாதிவரை அதற்கே போகும், ஆனால் வாங்க வருகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஸ்பிராக்கெட் பல் நுனி கூராகியிருக்கிறதா பாருங்கள். ரோலரில் ஆயில் கசிவு இருக்கிறதா பாருங்கள். செயினை இறுக்கமாக இழுத்து நிறுத்தச் சொல்லி, நாலு லிங்க் நீளத்தை பின்னிலிருந்து பின் வரை டேப் வைத்து அளந்து, புது செயினின் அளவோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. முழு செட் மாற்றும் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

அப்புறம் ஸ்லூ ரிங், மேல் பாடி சுழல்கிற வளையம். பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியின் முன்பக்கத்தை லேசாகத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று மேல் பாடியும் கீழ் பாடியும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே இடைவெளி வாய் திறந்து மூடினால் அந்த வண்டியை மறந்துவிடுங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது மண் எடுக்க விடுங்கள். ஹைட்ராலிக் ஆயில் சூடான பிறகு பூம் தூக்கும் வேகம் குறைந்தால் பம்ப். சமதளத்தில் நேராக ஓட்டும்போது ஒரு பக்கம் இழுத்தால் டிராவல் மோட்டாரோ பம்போ பலவீனம்.

ஆயில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். வண்டி விலைக்கு முன்னால் அந்தச் செலவு தூசு. சிலிக்கான் அதிகம் என்று வந்தால் ஏர் ஃபில்டர் பக்கம் எங்கோ புழுதி உள்ளே போயிருக்கிறது, அந்த இன்ஜின் அதிக நாள் தாங்காது.

இவ்வளவும் சரியாக இருந்தால் 6,000 மணி ஒன்றும் கிழடு இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்ட 20 டன் வண்டி 10,000 மணியைத் தாண்டி ஓடும். ஆனால் அது நின்றால் சைட்டுக்கு வர உங்களுக்கென்று ஒரு மெக்கானிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலிவாக வாங்கியதை மாதா மாதம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.


லோபெட்:

நான் எதிர்த் தரப்பு, வாடகைக்கு விடுகிறவன். எங்கள் ரகசியம் ஒன்றிரண்டைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் காலி யார்டுதான் வேண்டும், நிரம்பிய யார்டு என்றால் பயம். வண்டி யார்டில் நின்றால் நஷ்டம். அதனால் ஒரு வாரத்துக்குக் கேட்பவருக்கு ஒரு ரேட், ஆறு மாதம் உறுதி கொடுப்பவருக்கு வேறு ரேட். நீங்கள் சைட் சைட்டாகக் கேட்காமல், 'இந்த வருஷம் இத்தனை மாதம் எடுப்பேன், நடுவில் இரண்டு இடம் மாறும்' என்று மொத்தமாகப் பேசினால் லோ-பெட் செலவைக்கூட நாங்கள் ஏற்போம். இரண்டு சைட்டுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் மினிமம் மணி (ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்ச மணி) போடாமல் விடச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் பலரும் படிக்காத வரிகள் மூன்று. வண்டி பிரேக்டவுன் ஆனால் எந்த மணியிலிருந்து வாடகை நிற்கும், எத்தனை மணிக்குள் மாற்று வண்டி வரும். மாத மணியைத் தாண்டினால் கூடுதல் மணிக்கு என்ன ரேட். வேலை முடிந்தது என்று நீங்கள் சொன்ன நாளோடு வாடகை நிற்குமா, நாங்கள் வந்து ஏற்றும் நாளோடு நிற்குமா. கடைசியதில் நிறைய சச்சரவு வரும், அதனால் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதைப் போனில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள். வண்டி வந்து இறங்கும்போதும் ஏறும்போதும் மீட்டர், பக்கெட் பல், கண்ணாடி, சிலிண்டர் ராடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. சில இடங்களில் கட்டிய வாடகையில் ஒரு பகுதியை வண்டி விலையில் கழித்துத் தருவோம். ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, வேலை நிலைக்கிறது என்று தெரிந்தால் அதே வண்டியை எடுத்துக்கொள்ளலாம். வண்டியின் குணமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.


பேரேடு:

லீஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். 'கடனுக்கு இன்னொரு பெயர்' என்பது ஒருவகை லீஸுக்குப் பொருந்தும். வண்டியின் ஆயுளில் பெரும்பகுதி உங்களிடமே இருந்து, கடைசியில் பெயரளவு தொகைக்கு உங்களுடையதாகிவிட்டால் அது கடன்தான், வேஷம் மட்டும் வேறு. முடிவில் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வகையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது: நாலு வருஷம் கழித்து வண்டி என்ன விலைக்குப் போகும் என்ற கவலை லீஸ் கொடுத்தவருடையது.

உங்கள் டீலர் சொல்வதில் இரண்டும் கலந்திருக்கிறது. அன்றைய சந்தை விலை பேசிய விலையைவிட அதிகம் என்றால் எடுத்துக்கொள்ளலாம், குறைவு என்றால் திருப்பிவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு எத்தனை மணி உச்சவரம்பு, திருப்பும்போது கீழ்ப்பாகம் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும், நடுவில் வேலை இல்லை என்று நிறுத்தினால் என்ன அபராதம், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே அது நல்லதா என்று சொல்ல முடியும். 'மாதத் தவணை குறைவு' என்பது மட்டும் ஒரு காரணமே அல்ல, கடைசியில் கட்டும் தொகையைப் பெரிதாக்கினால் எந்தத் தவணையும் குறையும்.

லீஸ் எடுத்தால் புத்தகத்தில் கடன் தெரியாது என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்குத் தரம் நடைமுறைக்கு வந்த 2019 ஜனவரி 1 முதல், அந்தத் தரத்தைப் பின்பற்றும் நிறுவனங்கள் 12 மாதத்துக்கு மேற்பட்ட லீஸைச் சொத்தாகவும் கடனாகவும் காட்ட வேண்டும், மதிப்பு குறைந்த சின்னச் சாமான்களுக்கு மட்டும் விலக்கு. 12 மாதம் அல்லது அதற்குள் என்றால் காட்டாமல் விட வழி உண்டு. ஆனால் வாங்கிக்கொள்ளும் உரிமை சேர்ந்திருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. உங்கள் நிறுவனத்துக்கு எந்தத் தரம் பொருந்தும், தேய்மானச் சலுகை வரியில் யாருக்கு வரும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், நாட்டுக்கு நாடு மாறும்.


அஸ்திவாரம்:

எல்லோருக்கும் நன்றி. ஹவர்மீட்டர் ஐயா, லாக் ஷீட்டுகளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். பெரிய பேஸ்மென்ட் வேலையில் நீங்கள் சொன்ன அதே கதை. மீட்டர் எட்டு, எட்டரை என்று ஓடியிருக்கிறது, லோடு கணக்கைப் பார்த்தால் அதில் பாதி வேலை. ஒரே ஒரு சைட்டில் மண் கொட்ட இடம் பக்கத்திலேயே கிடைத்தது, அங்கே மட்டும் வண்டி மூச்சுவிடாமல் ஓடியிருக்கிறது. சுத்தமான வேலை மணியைக் கூட்டினால் வருஷத்துக்கு 800 வந்தாலே அதிகம். உங்கள் முறையில் என் டீலர் கொட்டேஷனைப் போட்டால் 1,300க்குப் பக்கத்தில் சமமாகிறது.

ஆக இப்போதைக்கு வாங்கவில்லை. அடுத்து ஒரு பேஸ்மென்ட் கையெழுத்தாகியிருக்கிறது, பிறகு வரும் பைப்லைன் வேலை பேச்சில்தான் இருக்கிறது. பேஸ்மென்ட்டுக்குக் கூடுதல் டிப்பர் வாடகைக்குப் பேசிவிட்டேன். லோபெட் அண்ணன் சொன்ன மாதிரி பொக்லைனை மொத்தமாகப் பேசப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். என் பேக்ஹோ ஆபரேட்டர் 20 டன் வண்டியும் ஓட்டத் தெரிந்தவர். வெறும் வண்டியாக எடுத்து அவரை ஓட்ட வைத்தால் ரேட் குறைகிறது. செய்யலாமா?


லோபெட்:

செய்யலாம். ஆனால் வெறும் வண்டியாக எடுத்தால் ஆபரேட்டரால் வரும் சேதம் உங்கள் கணக்கு. இன்ஷூரன்ஸில் உங்கள் ஆபரேட்டர் ஓட்டினாலும் செல்லுபடி ஆகுமா என்று பாலிசியைக் காட்டச் சொல்லுங்கள். அவரிடம் அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். முதல் சில நாள் எங்கள் ஆபரேட்டர் கூட இருக்கட்டும். லீவர் பேட்டர்ன் (எந்த லீவர் எதை அசைக்கும் என்பது) மாறியிருந்தால் பழகியவருக்கும் கை தடுமாறும், சுவரோரம் தோண்டும்போது அது வேண்டாம்.


ஹவர்மீட்டர்:

800 மணி என்றால் சரியான முடிவு. ஷீட்டில் இன்றிலிருந்தே காத்திருப்புக்குத் தனிக் கட்டம் போட்டுவிடுங்கள், ஆபரேட்டரே நிரப்பட்டும். பைப்லைன் வேலை கையெழுத்தாகி, கூடுதல் டிப்பரோடும் சுத்தமான மணி 1,300ஐத் தாண்டும் என்று தெரிந்தால் அப்போது கிரீஸ்கை தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த 6,000 மணி வண்டியைப் பாருங்கள், அதுவரை விற்காமல் இருந்தால். பேஸ்மென்ட்டின் போர் ஹோல் ரிப்போர்ட்டை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். எந்த ஆழத்தில் பாறை என்று பார்த்து, பிரேக்கர் வண்டிக்குத் தேதி குறித்து இப்போதே சொல்லி வையுங்கள்.